சட்டப்படி ஊதுவதா, ‘பார்த்து’ ஊதுவதா? தோட்டத்து உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு ஓர் ஒப்பீடு

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது இலங்கை மலையகத்தின் அட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். அவர்கள் வந்த மறுநாளே மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு விழுந்துவிடும். அணிக்கு ஏழு பேர், ஒரு பாதிக்குப் பதினைந்து நிமிடம், காலையில் தொடங்கி இருட்டுவதற்குள் பன்னிரண்டு அணிகள் ஆடி முடிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் கணக்கு. மத்தியஸ்தராக விசில் பிடிப்பவர் என்னைப் போன்ற ஒருவராக இருப்பார்: ஒரு காலத்தில் விளையாடியவர், விதிப்புத்தகத்தை வாசித்தவர், ஆடும் இரண்டு அணிகளிலும் சொந்தக்காரர்களைக் கொண்டவர். ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து, “தம்பி, ரெண்டு பக்கமும் நம்ம பிள்ளைகதான், பாத்து ஊதுங்க” என்பார். அவர் போன பிறகு ஓர் அணித்தலைவர் வந்து, “அண்ணே, சட்டப்படி ஊதினாப் போதும்” என்பார்.

இந்த இரண்டில் எதைத் தேர்வது என்று கேட்டு, புதிதாக விசில் பிடிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்களும், போட்டி நடத்தும் குழுக்களும் தொடர்ந்து என்னிடம் வருகிறார்கள். பல ஆண்டுகள் இந்தச் சரிவான மைதானங்களில் ஓடியவன் என்ற முறையில், இரண்டு வழிகளையும், அவற்றோடு வைத்துப் பார்க்க வேண்டிய மூன்றாவது வழி ஒன்றையும் இங்கே எடைபோடுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவதும் முக்கியமானதும் ஆடுபவரின் உடம்பு. கால் முறிந்த தோட்டத் தொழிலாளிக்கு இரண்டு மாதம் பேர் (ஒரு நாள் வேலைக்கான சம்பளப் பதிவு) விழாது, அரைப்பேர்கூடக் கிடைக்காது. தோட்டத்தின் மேல்பிரிவு மைதானத்திலிருந்து நகரத்து வைத்தியசாலைக்குக் குண்டும் குழியுமான பாதையில் முச்சக்கரவண்டியில் கொண்டுபோக முக்கால் மணி நேரம் ஆகிவிடலாம். இந்த அளவுகோலுக்கு மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் எடை கொடுக்கிறேன்.

இரண்டாவது, தோற்ற அணி முடிவை ஏற்றுக்கொள்ளுமா என்பது. மூன்றாவது, எல்லைக்கோட்டு உதவியாளர்கள் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓடும் மத்தியஸ்தரால் அந்த வழியைக் கடைசி ஆட்டம் வரைக்கும் ஒரே அளவில் கடைப்பிடிக்க முடியுமா என்பது. நான்காவது, போட்டி முடிந்த பிறகு அதே லயத்து வரிசை வீடுகளில், அதே தண்ணீர்க் குழாயடியில், அதே கோயிலில் சந்தித்துக்கொள்ளப்போகும் குடும்பங்களுக்கிடையே என்ன மிஞ்சும் என்பது. தொலைக்காட்சியில் பார்க்கும் மத்தியஸ்தர் ஆட்டம் முடிந்ததும் விமானம் ஏறிவிடுவார். நாம் மறுநாள் காலையில் கடைக்குப் பாண் வாங்கப் போக வேண்டும்.

## விதிப்புத்தகம் உண்மையில் என்ன சொல்கிறது

விதிப்புத்தகம் ஒரு பக்கத்திலும் பொது அறிவு மறு பக்கத்திலும் நிற்பதாகப் பலர் நினைப்பதால், இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. உதைபந்தாட்ட விதிகளைக் காத்துவரும் சர்வதேச உதைபந்தாட்டச் சங்கச் சபை 1886இல் உருவானது. விதிகள் மொத்தம் 17. ‘பதினெட்டாவது விதி பொது அறிவு’ என்று மத்தியஸ்தர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அந்தப் பதினெட்டாவது ஏற்கெனவே 5ஆம் விதிக்குள் எழுதப்பட்டிருக்கிறது. விளையாட்டின் விதிகளுக்கும் அதன் ஆன்மாவுக்கும் இணங்க, தன்னால் இயன்ற அளவு சிறப்பாக மத்தியஸ்தர் தீர்ப்பளிக்க வேண்டும் என்றும், விதிகளின் சட்டகத்துக்குள் நின்று தகுந்த நடவடிக்கையைத் தெரிவுசெய்யும் உரிமை அவருக்கு உண்டு என்றும் அது கூறுகிறது.

12ஆம் விதியும் இப்படித்தான். ஒரு மோதல் வெறும் கவனக்குறைவு என்றால் பிரீ கிக் மட்டும் போதும். எதிராளிக்கு ஆபத்து நேருமே என்பதைப் பொருட்படுத்தாத ஆட்டம் என்றால் மஞ்சள் அட்டை. மிதமிஞ்சிய பலத்தைப் பிரயோகித்து எதிராளியின் உடம்புக்கு ஆபத்தை விளைவித்தால் சிவப்பு அட்டை. எந்தப் படி என்று தீர்மானிப்பது மத்தியஸ்தரின் கண். ஆனால் படியைத் தீர்மானித்த பிறகு, அதற்குரிய அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளும் உரிமையை எந்த விதியும் தரவில்லை. பெரியவர்கள் ‘பாத்து ஊதுங்க’ என்று கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது உரிமையைத்தான்.

## சட்டப்படி ஊதுவது

இதன் முதல் நன்மை சமத்துவம். கங்காணி மகனுக்கும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர் மகனுக்கும் ஒரே அட்டை. இரண்டாவது நன்மை மத்தியஸ்தருக்கே உரியது. “என் மச்சான் என்பதற்காக விட்டாயா?” என்ற கேள்விக்கு அவர் சுட்டிக்காட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு அவருக்கு இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. அவற்றில் சில, நம் மைதானங்கள் புத்தகத்தின் மைதானங்கள் அல்ல என்பதால் வருபவை. ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவோ தொடரவோ கூடாது என்று 3ஆம் விதி சொல்கிறது. பதினொரு பேர் ஆடும் ஆட்டத்துக்கு அது பொருத்தமான வரம்பு. அணிக்கு ஏழு பேர் ஆடும் நம் போட்டியில் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், முதல் சிவப்பு அட்டையோடு ஆட்டமே முடிந்துவிடும்.

காலணியும் அப்படியே. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பலர் வெறுங்காலுடன் ஆடி, பிரான்ஸிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். இன்றைய 4ஆம் விதிப்படி காலணியும் முழங்கால் கீழ்க்காப்பும் கட்டாயம். இந்த விதியை அப்படியே நிறைவேற்றினால் சில தோட்டங்களில் பாதி அணி வெளியே உட்கார வேண்டியிருக்கும்; நிறைவேற்றாமல் விட்டால், ஆணி வைத்த காலணிக்கு முன் வெறுங்கால் நிற்கும். இரண்டுமே எனக்குச் சம்மதமில்லை.

சரியான விதியைத் தவறான கணத்தில் நிறைவேற்றுவதும் ஒரு செலவுதான். 1978 உலகக் கிண்ணத்தில் பிரேசிலும் சுவீடனும் 1-1 என்றிருந்தபோது, கடைசி நொடிகளில் பிரேசிலுக்கு ஒரு கோர்னர் கிடைத்தது. பந்து காற்றில் வந்துகொண்டிருந்தபோதே வேல்ஸ் நாட்டு மத்தியஸ்தர் கிளைவ் தோமஸ் இறுதி விசிலை ஊதினார். பிரேசிலின் சீகோ தலையால் முட்டி உள்ளே அனுப்பிய கோல் செல்லவில்லை. நேரம் முடிந்த பிறகு பெனால்டி உதைக்காக மட்டுமே ஆட்டத்தை நீட்டலாம் என்பதால் சட்டம் தோமஸின் பக்கமே நின்றது. ஆனாலும் கோர்னரை எடுக்க விடுவதற்கு முன்பே ஊதியிருந்தால், அல்லது பந்து வெளியேறும்வரை ஒரு நொடி பொறுத்திருந்தால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விசிலைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். கைக்கடிகாரம் அவரிடம்தான் இருந்தது. எந்தக் கணத்தில் ஊதுவது என்பதும் அவர் கையில்தான் இருந்தது.

## ‘பார்த்து’ ஊதுவது

இதன் நன்மையை மறுக்க மாட்டேன். ஒரு பிரிவின் கோயில் திருவிழாவையொட்டி நடந்த போட்டியில், கையில் மஞ்சள் தடவிய காப்பு நூலுடன் ஓர் இளைஞன் வந்தான். திருவிழா முடியும்வரை அவன் அதை அவிழ்க்க முடியாது. ஆபரணங்கள் அனைத்தையும் கழற்ற வேண்டும் என்கிறது 4ஆம் விதி. தோல் பட்டியும் ரப்பர் வளையமும்கூட அதில் அடங்கும். ஆனால் அந்த விதி யாரையும் காயப்படுத்தாமல் இருப்பதற்காக எழுதப்பட்டது. பருத்தி நூல் யாரையும் கிழிக்காது. இரு அணித்தலைவர்களையும் அழைத்து நூலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இருவரும் சம்மதித்தார்கள், அவன் ஆடினான். அந்த முடிவில் இன்றும் எனக்குச் சஞ்சலம் இல்லை.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு காப்பு விடயத்தில் நான் எடுத்த முடிவுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு முன்கள வீரரின் மணிக்கட்டில் இரும்புக் காப்பு இருந்தது. “கழட்ட வராது அண்ணே, நாலு வருசமா கையிலயே கெடக்கு” என்றார். சோப்பு போட்டு முயன்றோம், வரவில்லை. சுற்றிலும் நின்றவர்கள் நேரம் போகிறது என்று சத்தம் போட்டார்கள். பிளாஸ்டர் சுற்றி ஆட விட்டேன். பிளாஸ்டரால் மூடுவது போதாது என்று விதி தெளிவாகச் சொல்வது எனக்குத் தெரியும். இரண்டாம் பாதியில் ஒரு உயரப் பந்துக்கு இருவர் எழும்பியபோது, அந்தக் காப்பு எதிரணிப் பையனின் புருவத்தில் பட்டது. பிளாஸ்டர் விலகி, இரும்பு தோலைத் திறந்திருந்தது. இரத்தம் கண்ணை மூட, அவன் சுண்ணாம்புக் கோட்டின்மேல் உட்கார்ந்து தடவித் தடவித் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு தையல். அவனுடைய அம்மா என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அன்று நான் பொது அறிவு என்று நினைத்தது, சுற்றி நின்றவர்களின் சத்தத்துக்குப் பயந்த பயமே.

இந்த வழியின் மிகப் பெரிய மறைமுகச் செலவு இதுதான் என்று நினைக்கிறேன்: விட்டுக்கொடுப்பின் பயன் சத்தம் போடுபவருக்குப் போகிறது, அதன் விலையை அமைதியாக ஆடுபவர் கொடுக்கிறார். ஆதரவாளர் கூட்டம் அதிகமுள்ள அணி, வயதில் மூத்த வீரர், பரிசுக் கேடயத்துக்குப் பணம் கொடுத்தவரின் மகன் ஆகியோருக்கு இரண்டாவது வாய்ப்பு எளிதில் கிடைக்கிறது. முதல் முறையாக ஆட வந்த பதினாறு வயதுப் பையனுக்கு அது கிடைத்ததை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பெரிய அரங்குகளிலும் இதே நிலை உண்டு. 2010 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் டி யோங், ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் மார்பில் காலணி பதிய உதைத்தார். மத்தியஸ்தர் ஹவார்ட் வெப் காட்டியது மஞ்சள் அட்டை. தனக்குச் சம்பவம் தெளிவாகத் தெரியவில்லை என்றும் அது சிவப்பு அட்டைக்குரியது என்றும் அவரே பிற்பாடு சொன்னார். அன்று மொத்தம் 14 மஞ்சள் அட்டைகள் காட்டப்பட்டன, ஒருவர் வெளியேற்றப்பட்டார். எது அனுமதிக்கப்படும் என்ற எல்லை முதல் அரை மணி நேரத்தில் மங்கிவிட்டால் பிறகு எத்தனை அட்டை காட்டினாலும் ஆட்டம் அடங்காது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் தெரியவில்லை.

எல்லோரும் கண்டும் காணாமல் விட்ட விதி ஒன்றுக்கு என்ன ஆயிற்று என்பதையும் கவனிக்கலாம். கோல் காப்பாளர் பந்தை ஆறு நொடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது என்று நீண்ட காலமாக விதி இருந்தது. மீறினால் எதிரணிக்கு மறைமுக பிரீ கிக். கோலுக்கு அவ்வளவு அருகில் ஒரு பிரீ கிக் கொடுப்பது மிகையான தண்டனை என்று எண்ணிய மத்தியஸ்தர்கள் அதை ஏறக்குறைய ஊதவே இல்லை. காப்பாளர்கள் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள். முடிவில் 2025-26 பருவத்திலிருந்து விதியே மாற்றப்பட்டது: எட்டு நொடி அவகாசம், கடைசி ஐந்து நொடிகளை மத்தியஸ்தர் கையை உயர்த்தி எண்ணிக் காட்ட வேண்டும், மீறினால் கோர்னர். நிறைவேற்றக் கடினமான விதியை மைதானத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியே தளர்த்திக்கொண்டிருந்ததைவிட, எல்லோருக்கும் பொதுவாகத் திருத்தி எழுதியது மேலான வழி. அதிலிருந்துதான் என் மூன்றாவது தெரிவு வருகிறது.

## விதியை முதல் நாளே மாற்றி எழுதிக்கொள்வது

சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடிமட்டப் போட்டிகள் ஆகியவற்றுக்கு மைதான அளவு, பந்தின் அளவு, ஆட்ட நேரம், மாற்று வீரர்கள் திரும்ப வருதல், தற்காலிக வெளியேற்றம் ஆகியவற்றைத் தேசியச் சங்கங்கள் மாற்றிக்கொள்ள விதிப்புத்தகமே இடமளிக்கிறது. ஆட்ட நேரத்தைக் குறைப்பதானால்கூட, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே இரு அணிகளும் மத்தியஸ்தரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும், போட்டி விதிகளும் அதை அனுமதிக்க வேண்டும் என்பது 7ஆம் விதி. இந்த ‘முன்பே’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

தற்காலிக வெளியேற்றத்தை நம் போட்டிகளுக்கு மிகவும் சிபாரிசு செய்கிறேன். இங்கிலாந்தில் 2019-20 பருவத்திலிருந்து அடிமட்டப் போட்டிகளில், மத்தியஸ்தரை எதிர்த்து வாய்ப்பேச்சில் இறங்குபவரைப் பத்து நிமிடம் வெளியே உட்கார வைக்கிறார்கள். மொத்த ஆட்ட நேரத்தில் பத்து முதல் பதினைந்து வீதம் என்பது இதற்கான வழிகாட்டல். முப்பது நிமிட ஆட்டத்துக்கு அது மூன்று முதல் நாலரை நிமிடம் வரும். சூடான தலை ஆற அந்த நேரம் போதும். அணியும் முழுவதுமாக ஓர் ஆளை இழப்பதில்லை. சிவப்பு அட்டை காட்டத் தயங்கி ஒன்றும் செய்யாமல் விடும் மத்தியஸ்தருக்கு, நடுவில் ஒரு படி கிடைக்கிறது.

ஏழு பேர் ஆட்டத்தில் குறைந்தபட்சம் எத்தனை பேர், வெறுங்கால் ஆட்டமா காலணி ஆட்டமா (இரண்டையும் கலக்க வேண்டாம், ஆணியில்லாத ரப்பர் சப்பாத்து என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் பிரச்சினை குறைகிறது), பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டுபோனால் கடிகாரம் நிற்குமா, மூடுபனி இறங்கினால் என்ன செய்வது ஆகியவற்றை இப்படி எழுதிக்கொள்ளலாம். மூடுபனிக்கு நான் வைத்திருக்கும் அளவு எளிது: நடுவட்டத்தில் நின்று இரண்டு கோல் கம்பங்களும் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் நிறுத்தம், பதினைந்து நிமிடத்தில் விலகாவிட்டால் அடுத்த நாள்.

இதற்கும் செலவு உண்டு. போட்டிக்கு முன்னதாக ஒரு மாலையேனும் எல்லா அணித்தலைவர்களையும் ஓரிடத்தில் கூட்ட வேண்டும். கொழும்பிலிருந்து அன்றிரவுதான் பஸ் ஏறுபவர்களுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்ட வேண்டும். மேசையில் கடிகாரத்தோடு உட்கார ஒருவர் வேண்டும். இறுதி ஆட்டத்துக்கு முன் “இந்த ஒன்றை மட்டும் மாற்றுவோம்” என்று யாராவது கட்டாயம் வருவார். இணங்கிவிட்டால் முழு நாளின் உழைப்பும் வீண்.

## எந்தச் சமயத்தில் எது

| நிகழ்வு | நான் தெரிவுசெய்வது |
|---|---|
| காலை உயர்த்திப் பாய்தல், முழங்கையால் இடித்தல் | சட்டப்படி, முதல் நிமிடமானாலும் |
| இரும்பு, வெள்ளி ஆபரணங்கள், தாயத்துக் குப்பி | சட்டப்படி. கழற்றாவிட்டால் ஆட்டம் இல்லை |
| காப்பு நூல், காதில் வைத்த பூ | பார்த்து, இரு அணித்தலைவர்கள் முன்னிலையில் |
| பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரின் தவறான எறிதல் | பார்த்து. எப்படி எறிவது என்று காட்டி, மறுபடி எறிய விடுதல் |
| மத்தியஸ்தரோடு வாக்குவாதம் | முன்பே எழுதிய தற்காலிக வெளியேற்றம் |
| ஆட்ட நேரம், ஆள் எண்ணிக்கை, காலணி | முன்பே எழுதிய விதி |
| பிறப்பைச் சுட்டும் வசவு | சட்டப்படி, சிவப்பு அட்டை |

கடைசி வரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நகரத்து அணிகளோடு ஆடும்போது ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் இன்னும் காதில் விழுகிறது. தோட்டத்துக்குள்ளேயே சாதியைச் சொல்லித் திட்டுவதும் விழுகிறது. “வெளையாட்டுச் சூட்டுல சொன்னது, விடுங்க தம்பி” என்று சமாதானம் செய்ய வருவோர் நல்ல மனிதர்களே. ஆனால் அவமதிக்கும் மொழிக்கு வெளியேற்றம் என்று 12ஆம் விதி சொல்லும் இடத்தில் மத்தியஸ்தர் கருணை காட்டினால், அந்தக் கருணை சொன்னவனுக்குப் போகிறது, கேட்டவனுக்கு அல்ல. ஏழு பேரில் ஒருவர் குறைந்தாலும், அது இறுதி ஆட்டமே ஆனாலும், அட்டையை எடுத்துவிடுவேன்.

மாவட்ட லீக்கில் பதிவுசெய்த அணிகளின் ஆட்டமென்றால் தெரிவுக்கே இடமில்லை. அங்கே லீக்கின் விதியைத் தவிர வேறெதையும் நீங்களாகச் சேர்க்க முடியாது. நேர்மாறாக, பழைய வீரர்கள் பொங்கலன்று ஆடும் சிநேகபூர்வ ஆட்டத்தில் உடம்பைக் காக்கும் விதிகளைத் தவிர மற்றதெல்லாவற்றையும் தளர்த்தலாம்; தொந்தி வைத்த ஒருவர் எறிதலில் காலைத் தூக்கியதற்காக யாரும் விசில் ஊத வேண்டாம். பரிசுக் கேடயம் வைத்து, பல தோட்டங்கள் கூடும் ஒருநாள் போட்டிக்கு மூன்றாவது வழியே என் தேர்வு: முன்பே எழுதுங்கள், எழுதியதைச் சட்டப்படி ஊதுங்கள்.

இப்போதெல்லாம் என்னை அழைக்கும் குழுக்களிடம் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன். ஒரு முழுத்தாளில் பத்து வரிக்குள் போட்டி விதிகளை எழுதி, எல்லா அணித்தலைவர்களும் கையெழுத்திட்டு, புள்ளி எழுதும் மேசையின் முன்பக்கம் ஒட்ட வேண்டும்; முதல் ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் அதை ஒருமுறை வாசிக்க வேண்டும். போன சித்திரையில் ஒரு குழு அதற்கு நேரமில்லை என்றது. விசிலைப் பையில் போட்டுக்கொண்டு, பார்வையாளர்களோடு மேட்டில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தேன். இன்னொரு குழு தாளை மழையில் நனையாமல் பொலித்தீன் உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தது. அங்கே மாலை நான்கரை மணிக்கு, அரையிறுதியில், தற்காலிகமாக வெளியே அனுப்பப்பட்ட ஒரு பின்கள வீரர் நேராக அந்த மேசைக்குப் போய், குனிந்து ஆறாவது வரியை விரலால் தொட்டு வாசித்துவிட்டு, தன் மூன்று நிமிடத்தை எண்ணும்படி மேசையிலிருந்த தங்கச்சியிடம் சொல்லி, பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டார்.